ஜூன் மாதத்துத் தப்புகள்

இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சர். ஜூன் மாதமே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு ஃபைல் வாங்கச் சொன்னேன். மாதம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதி அதில் போட வேண்டும். தப்பு இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், கிழிக்கக் கூடாது. எது வரவில்லை, எது வருகிறது என்று அடியில் தமிழிலாவது ஒரு வரி எழுத வேண்டும். எனக்கும் அந்த ஃபைல் தேவைப்பட்டது. பாதி வகுப்பு ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் கோளாறு நான் நடத்தியதில்தானே? அப்படிச் சில பாடங்களை மறுபடி நடத்தினேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அதுவரை தமிழ் மீடியம். ஜூனில் அவள் எழுதியது மூன்றே வரி, அதிலும் பாதி தமிழ். ஜனவரியில், அவர்கள் வீட்டு ஆடு பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்ததால் வந்த சண்டையை ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அடியில், "முன்னாடி தமிழில் யோசிச்சு யோசிச்சு எழுதுவேன். இப்ப இங்கிலீஷ்லயே சண்டை போட வருது" என்றிருந்தது.

இங்கிலீஷில் தேறாதவர்களை ஏழாம் வகுப்பில் தமிழ் மீடியத்துக்குத் தள்ளிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். தமிழைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறார்களே, அது தனிக் கோபம். அவளுக்குப் பரீட்சையில் மார்க் குறைவு. ஃபைலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று தாளாளரிடம் மன்றாடினேன். பெற்றோர் கூட்டத்தில் பார்க்கிறேன் என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எதற்கு? மாணவர் ஃபைலை வாசிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள! நான் அங்கே டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தபோது, இங்கே பிரின்ஸ்பால் மேடம் ஃபைல்களைப் புரட்டியிருக்கிறார். பெற்றோர் கண்ணில் தப்போ சிவப்பு மையோ படக் கூடாது என்பது அவர் சட்டம். எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்து, ஜூனிலிருந்து ஃபேர் காப்பி எழுத வைத்துவிட்டார். பிள்ளைகள் கைப்பட எழுதிய தாளெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. அடியில் எல்லார் ஃபைலிலும் ஒரே வாக்கியம்: இந்தப் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததாம்!

கூட்டத்தில் தாளாளர் அவள் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஜூன்லயே இம்புட்டு நல்லா எழுதுத பிள்ளை பரீட்சையில ஏன் கோட்டை விட்டுச்சு? யாரோ எழுதிக் குடுத்திருக்காக."

அவளுடைய அப்பா அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பாத்தா எழுதுன?"

"ஆமாப்பா. பாத்து எழுதச் சொன்னாக."

அங்கே உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். பழியும் அவள் மேலேயே விழுந்தது. பிரின்ஸ்பால் மேடம் அடுத்த ஃபைலை எடுத்து வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கெடுத்தது நீங்க! பிள்ளை மேல ஏன் போடுதீங்க?" என்று மேடத்தைப் பார்த்துக் கத்தினேன். நாலு பேர் முன்னால் மரியாதையாகப் பேசச் சொன்னார்கள். தாளாளர் தமிழ் மீடியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அப்பா வண்டி எடுக்கப் போனதும் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"மிஸ், அந்த கிளாஸ்லயாவது தப்பா எழுத விடுவாகளா?"