பின் இடது ஸ்பீக்கர்

2004-இல் கடலூர் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. அந்த வயதில் சிலர் மாலை போட்டு மலைக்குப் போகிறார்கள், சிலர் சர்க்கரையைக் குறைக்கிறார்கள். நான் இஞ்ச் டேப் வாங்கினேன். ஐந்து ஸ்பீக்கரும் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எத்தனையோ படித்திருக்கிறேன், ஒரு வரி விடாமல் கடைப்பிடித்த நூல் அது ஒன்றுதான். பிரம்பு நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டேன். நான் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது.

ஒருநாள் படத்தில் மழை பெய்தது. தகரத்தில் விழும் துளி முதுகுக்குப் பின்னால் தனியாகக் கேட்க, கண்ணை மூடிக்கொண்டு லயித்திருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

"அஞ்சு பொட்டியில மழ பெய்யுதுன்னு உக்காந்திருக்கீங்க. மாடியில துணி அத்தனையும் நனஞ்சி போச்சி."

இதையெல்லாம் நான் பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிதம்பரத்தில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பி இருந்தான். 2007 கார்த்திகையில் அவன் மகளைப் பெண் பார்க்க சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். மாமனார் காலமாகிவிட்டதால் அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்குச் சபையில் பேச வேண்டியவன் மூத்த மருமகனாகிய நான். மச்சான் அப்பிராணி. விருந்தாளிக்குக் காபி வேண்டுமா என்று கேட்பதற்கே என் முகத்தைப் பார்ப்பவன்.

காலையில் போய் இறங்கியதும் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பைக் கொடுத்துவிட்டு நகரவில்லை.

"மாமா, பி.எட். முடிய இன்னும் ஆறு மாசம்தான் இருக்குது. பரீட்ச எழுதிட்டு கல்யாணத்த வச்சிக்கலாம்னு அவுங்க எதிர்லயே கேக்கப் போறேன். அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

"நான் பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாத" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அப்புறம் கூடத்துக்குப் போனேன். மச்சானும் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தான். ஐந்து ஸ்பீக்கர்களும் ஷோகேஸ் மேல் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் ஒரே வரிசையில் நின்றன. பாலிதீன் உறைகூடக் கழற்றவில்லை.

"என்ன மச்சான் இது? பின்னாடி வர வேண்டிய சத்தமெல்லாம் முன்னாடியே வருமே!"

"சத்தம் வருதே மாமா, அது போதாதா? இன்னிக்கு வேணாமே. அவுங்க வர நேரம்."

"அரை மணி நேரம்" என்றேன். பையில் டேப் இருந்தது. பெண் பார்க்கும் வீட்டுக்கு இஞ்ச் டேப்போடு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர்கள் வந்தபோது ஒயர்கள் ஜமக்காளத்துக்கு அடியில் போயிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா சோபாவில் உட்கார்ந்ததும், "இது அந்தச் சுத்திச் சுத்தி வர சவுண்டா? மெதுவா வைங்க, கேப்போம்" என்றார். நாதஸ்வரம் வைத்தேன். நான்கு ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, பின் இடதில் மட்டும் வரவில்லை. சோபாவுக்குப் பின்னால் மண்டியிட்டு உள்ளே நுழைந்தேன். சபைக்கு என்னில் தெரிந்த பகுதி எது என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குள் பெண் காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "என்னமோ படிக்கிறியாமே?" என்று கேட்டார். அவள் திக்காமல் சொன்னாள்.

"ஆமாங்க, பி.எட். பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்குது. அத முடிச்சிட்டு கல்யாணத்த வச்சிக்கலாமான்னு கேக்கறேன்."

மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: "தையிலயே முடிச்சிடலாம்னு இருக்கோம். படிப்பு எங்க போயிடப் போவுது? என்ன, பெரியவரு என்ன சொல்றாரு?"

எனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இந்தச் சிவப்பு ஒயரைச் சொருகிவிட்டு எழுந்து சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். தலையை மட்டும் தூக்கி, "ஒரு நிமிஷம்... பின் இடது மட்டும் வரல, ஒயர மாத்திச் சொருகிட்டேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். "அவருக்கு ஆட்சேபணை இல்லன்னு தெரியுது. தட்ட மாத்திக்குவோம்."

ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. நான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது வெற்றிலைத் தட்டு கை மாறியிருந்தது. பெண் கூடத்தில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம், "கடைசியில சவுண்டு எப்படி வந்துச்சி பாத்தியா?" என்று கேட்டேன். கடலூர் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். தையில் கல்யாணம் நடந்தது. காலில் விழுந்தவளை "நல்லா இரும்மா" என்று ஆசீர்வதித்தேன். அந்தப் பரீட்சையை அவள் எழுதவில்லை.

2011-இல் ஒருநாள் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கடலூர் வீட்டுக்கு வந்தாள். திரும்பவும் முதலிலிருந்து பி.எட். சேர்வதற்கு இங்கே ஒரு கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறாளாம். வீட்டுக்காரரிடம் அவளே பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாள். மனைவி உள்ளே தோசை ஊற்றினாள். நான் ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன்.

நான் பச்சை மையில் கையெழுத்துப் போடும் உத்தியோகத்தில் இருந்தேன். எங்கள் சொந்தத்தில் யாருக்குச் சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவளுடைய நகல்களில் சேத்தியாத்தோப்புப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவரின் முத்திரை இருந்தது.

"ஏம்மா, எங்கிட்ட கொண்டாந்திருக்கலாமே?"

"உங்களுக்கு வேல இருக்குமேன்னுதான் மாமா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஏதாவது ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்காதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். எதிலும் விடுபடவில்லை. ஃபைலை மூடி அவளிடமே கொடுத்தேன்.