கழுவாத கீரை

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கழுவாதக்கா. நேரில் அப்படிக் கூப்பிட எவருக்கும் தைரியம் கிடையாது. எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். காய்கறி மாதிரிகளைத் தயார் செய்யும் அறையில் பதினாறு வருடமாக நிற்கிறாள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் சொல்கிற முதல் வார்த்தை “கழுவாதே” என்பதுதான். வீட்டுப் பழக்கம் யாரை விட்டது? கீரைக் கட்டைக் கையில் கொடுத்தால் கால் தானாகக் குழாயடிக்குப் போகும். கழுவினால் இலைமேல் இருக்கிற பூச்சிமருந்து பாதி தண்ணீரோடு போய்விடும், பிறகு எதைச் சோதிப்பது? ஒரு முறை, மண்ணாக இருக்கிறதே என்று பட்டதாரிப் பெண் ஒருத்தி ஒரு கட்டை அலசிவிட்டாள். “அலசிட்ட இல்ல, அப்படியே அடுப்பையும் பத்த வெச்சுடு. நாங்க தட்டோட உக்காந்திருக்கோம்” என்றாள் இவள். அந்தப் பெண் மறுவாரமே வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளைப் பிடிக்கும் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் கிடையாது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அந்த வகையில் பாக்கி ஒன்றும் இல்லை. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. பையின் முத்திரையை உடைப்பாள். வேரை வெட்டி மண்ணை உதறுவாள். அழுகின இலையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை நறுக்குவாள். உலர்பனிக் கட்டிகளைப் போட்டு, வெள்ளைப் புகை வழிய வழிய மிக்ஸியில் அரைத்தால் கீரை பச்சை மாவாகிவிடும். அரைக்கிற சூட்டில் மருந்து சிதைந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் குளிர். அதில் பத்து கிராம் எடைபோட்டுக் கருவி அறைக்கு அனுப்புவாள். மிச்சம் உறைபெட்டிக்குப் போகும், நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் மறுபடி சோதிக்க. அடுத்த பையைத் தொடுமுன் கத்தி, பலகை, ஜார் எல்லாவற்றையும் கரைப்பான் ஊற்றித் துடைப்பாள். ஒரு கட்டு செய்த பாவம் இன்னொரு கட்டின் தலையில் விழக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். யார் தோட்டம், எந்தக் கடை என்பது அந்த அறைக்குத் தெரியக் கூடாது. அன்று காலை வந்த பை 417. பாலக்கீரை, ஐந்து கட்டு. திறந்தவுடன் அவள் கை அப்படியே நின்றது. கட்டுகளைச் சுற்றியிருந்தது நாரும் இல்லை, நூலும் இல்லை. பழைய சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக நறுக்கின ரப்பர். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி. இடது கைக்காரன் வலது கைக் கத்தரிக்கோலைப் பிடித்தால் அப்படித்தான் கோணலாக வரும். அப்பாவின் நிலத்தில் கீரை போடுகிற அவள் தம்பியின் வேலை.

அப்பா செத்த மாதமே ஒரு தாளை நீட்டியவன் அவன். “மோட்டாருக்கு கரண்ட் பேர் மாத்தணும்க்கா, இங்க ஒரு கையெழுத்து போடு” என்றான். கூடப் பிறந்தவன்தானே என்று படிக்காமல் போட்டாள். அது அப்பாவின் நிலத்தில் தன் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்கப் போனவளிடம், “நீயாத்தானே மனசாரக் குடுத்த? இப்ப யாரு உன்னத் தூண்டி விட்டது?” என்று கேட்டான். சொந்தக்காரர்கள் மொத்தமும் அவன் பக்கம். அவளுக்குப் பேராசைக்காரி என்று பட்டம் கட்டினார்கள். நிலம் போனதைவிட அதுதான் எரிந்தது. ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயால் வரவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பதினோரு வருடமாக அது வரவில்லை.

மாதிரித் தாளில் ஒரு கட்டம் உண்டு: ‘இது யாருடையது என்று தயாரிப்பவருக்குத் தெரியுமா?’ தெரியும் என்று எழுதினால் பை பக்கத்து மேஜைக்குப் போய்விடும். அதற்காகத்தான் அந்தக் கட்டமே. ஆனால் அவன் மாட்டுவது என்றால் தன் கையால்தான் மாட்டவேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதில்லை. ‘தெரியாது’ என்று எழுதினாள். பிறகு ஒரு இலை கூட்டாமல், ஒரு இலை குறைக்காமல், என்றைக்கும் செய்கிற மாதிரியே செய்தாள். மிக்ஸி சுற்றும்போது அவளுக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

முடிவு, அனுமதித்த அளவைப்போல நாலு மடங்கு. மருந்தடித்து, காத்திருக்கவேண்டிய நாள் முடியுமுன்னே அறுத்திருக்கிறான். அவன் கீரை போவது பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறைக்கு. அந்த ஒப்பந்தம் இனி அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

“நீ எதுக்கு சிரிக்கிற? அதத் தின்னவங்க கட்டில்ல படுத்துக் கிடக்கிறாங்க” என்றான் அவன்.

தம்பிக்குப் போன அறிக்கையின் அடியில் மாதிரி தயாரித்தவரின் பெயர் இருந்தது. தம்பி நேராக மேலாளரிடம் வந்து நின்றான். அக்கா பழிவாங்கிவிட்டாள், எதையோ கலந்துவிட்டாள் என்றான். அக்கா என்பது மட்டும் போதாது, என்ன பகை என்று எழுத்தில் கொடுங்கள் என்று மேலாளர் அனுப்பிவிட்டார். மறுநாளே மூன்று பக்கம் எழுதி, பத்திர நகலையும் இணைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்கள்.

“அந்த ட்யூப் ரப்பரப் பாத்ததுமே உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்னு எழுதியிருக்காரு. தெரிஞ்சுதா?” என்றார் மேலாளர்.

“தெரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன் தெரியாதுன்னு எழுதினீங்க?”

“நான் எதையும் கலக்கல சார். உறைபெட்டியில மிச்சம் இருக்கு, எடுத்து சோதிங்க.”

“அதையும் நீங்கதானேம்மா அரைச்சீங்க.”

முடிவு ரத்து. அடுத்த வாரம் புது மாதிரி எடுப்பார்கள். அதற்குள் அவன் மருந்தடிக்காத பாத்தியைக் கைகாட்டத் தயாராக வைத்திருப்பான். நோயாளிகளின் தட்டுக்கு அந்தக் கீரையே தொடர்ந்து போகும். அவனைக் காப்பாற்றியது அவள் எழுதின ஒரே ஒரு வார்த்தை. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. அவளுக்குத் தண்டனை, பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றம். கழுவாதக்கா கழுவப் போறாங்க என்று சாயங்காலத்துக்குள் மாடி வரைக்கும் சிரிப்பார்கள்.

“புகார் மனுவப் பாத்தாச்சுன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க” என்று மேலாளர் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் உட்கார்ந்து படித்தாள். இரண்டு பக்கம் முழுக்க வசவு. மூன்றாம் பக்கத்தில், பகைக்குக் காரணம் என்று கோடிட்டு, அவனே இடது கையால் எழுதியிருந்தான்: ‘மின் இணைப்புக்கு என்று பொய் சொல்லி என் அக்காவிடம் கையெழுத்து வாங்கி, அவர் பங்கு நிலத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அதனால் பதினோரு வருடமாக என்மேல் தீராத பகையுடன் இருக்கிறார்.’ கீழே கையெழுத்து, தேதி. பக்கத்தில் சாட்சிக்கு அவன் மனைவியின் கையெழுத்து வேறு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மூன்று முறை படித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“பாட்டில் ரூமுக்கு இப்பவே போயிடறேன் சார். அதுக்கு முன்னாடி இந்த மூணாம் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் வேணும்” என்றாள்.