முதுகில் பொத்தான்

"திருச்சியில ஏதும்மா குளிரு? பயத்துல கை நடுங்குது, அதான்" என்றார் மேற்பார்வையாளர்.

கைலாசபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் பயிற்சியில் இருந்தேன். மார்கழி மாதம். காலை ஏழு மணிக்குப் போனதும் ஒரு தகட்டைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். என் வெல்டிங் கோடு மண்புழு போல நெளியும். பத்து மணிக்குப் போட்டால் நேராக வரும். பத்து மணிக்குத் தேர்வு வைப்பதில்லை. அடுத்த வாரத் தேர்வில் தோற்றால் என்னை அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே காரணத்தை நானே கண்டுபிடிக்க முடிவு செய்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வழியில் காவிரிப் பாலத்தில் பைக்கை நிறுத்தினேன். குளிரவில்லை. பனியனோடு நடந்துபோனவர்களும் நன்றாகவே இருந்தார்கள். அறுபதில் ஓட்டினால் மட்டும் விரல்கள் மரத்தன. உடம்பைச் சுற்றிச் சேரும் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டே போகிறது. நெஞ்சு குளிர்ந்தால் விரலுக்கு ரத்தம் குறைகிறது. பாதிக் குளிரை நானே வேகம் கொடுத்துத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்வெட்டர் இரண்டு போட்டேன். கம்பளிப் பின்னலின் கண்கள் வழியாகக் காற்று தாராளமாக வந்துபோனது.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பைக்கில் காய்கறி மூட்டை கொண்டுவருபவர்கள் சட்டையை முன்பின்னாக மாட்டி, முதுகில் பொத்தான் போட்டிருப்பார்கள். நெஞ்சுப் பக்கம் காற்று நுழைய வழியே இருக்காது. அதைப் பார்த்துச் சிரித்தவள் நான். டிப்ளமோ படித்தவள் அப்படிப் போவதா என்று மேலும் நான்கு நாள் கௌரவமாக நடுங்கினேன்.

தேர்வன்று காலை அப்பாவின் தடித்த காக்கிச் சட்டையை எடுத்தேன். அதற்குள் செய்தித்தாள். கைகளில் பாலிதீன் பை, அதன்மேல் கையுறை. அம்மா முதுகுப் பக்கம் பொத்தான் போட்டுவிட்டாள்.

"பின்னாடி வர்றவன், நீ எதிர்ல வர்றேன்னு நெனச்சு ஒதுங்கப் போறான்டி."

"ஒதுங்கட்டும். போயிட்டு வரேம்மா."

பட்டறை வாசலில் மேற்பார்வையாளர் என் முதுகை ஒருமுறை பார்த்தார். அரை மணி நேரம் கழித்துத் தகட்டைப் பார்த்தார். கோடு நேராக இருந்தது.

"இன்னிக்கு பயம் இல்லையாம்மா?"

"இருக்கு சார். குளிருதான் இல்ல."

தேறிவிட்டேன். அடுத்தது குழாய் வெல்டிங் தேர்வு. தையிலும் உண்டு, சித்திரையிலும் உண்டு.

"சித்திரைக்கு எழுதிக் குடும்மா, கை நல்லா நிக்கும்" என்றார்.

விண்ணப்பத்தில் தை என்று நிரப்பி, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.