துடைப்பத்தை ஒளிச்சு வெச்சு டைவர்ஸை நிறுத்தப் பார்த்தேன்!

நேத்து நம்ம குரூப்புல ஒரு தம்பி எழுதியிருந்தாரு: "அந்தக் காலத்துல டைவர்ஸே கிடையாது!"

தம்பி, கொஞ்சம் உட்காருங்க!

1950-கள். திருவொற்றியூர் குப்பத்துக்கு நான் மருமகளா வந்த புதுசு.

(பள்ளிக்கூடம் போனதில்ல. கடலை மடிச்ச பேப்பரைப் படிச்சே எழுத்து கத்துக்கிட்டவ. இதை டைப் பண்றதும் நானேதான்!)

என் புருஷனோட அண்ணன் குடிச்சிட்டு வந்து துடுப்பாலயே அடிச்சதுல, அவர் பொண்டாட்டிக்கு, அதான் என் ஓரகத்தி அக்காவுக்கு, கை வீங்கிப் போச்சு.

"அத்துவுட்ருங்க"ன்னு அக்கா பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க.

எங்க குப்பத்துல இதுக்குக் கோர்ட்டெல்லாம் கிடையாது. பெரியவங்க எதிர்ல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு, துடைப்பத்துல உருவின ஒரு துரும்பை ஒடிச்சா, கல்யாணம் முடிஞ்சது!

(வீட்டுக் கணக்கைக் கறாரா எழுதுறவ சொல்றேன், காலணா செலவு கிடையாது!)

எனக்கு மனசு கேக்கல. அம்மன் முன்னால கட்டின தாலியாச்சே! துரும்பு இருந்தாதானே ஒடிப்பாங்கன்னு, துடைப்பத்தைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சிட்டேன். (மூளையைப் பாருங்க!)

தேடி அலுத்த மாமியார் என் மூஞ்சையே பார்த்தாங்க.

"இன்னாமே, தொடப்பத்த நீதான் ஒளிச்சியா?"

"சாமி குத்தமாயிடும் அத்தே..."

"அவ கை வீங்கிக் கீதே, அது சாமிக்குத் தெரியாதா?"

சொல்லிட்டே எக்கி, எங்க தென்னோலைக் கூரையிலிருந்தே ரெண்டு ஈர்க்கை உருவினாங்க!

பஞ்சாயத்துல அக்கா ஒரு முனையைப் பிடிச்சிட்டாங்க. அக்கா புருஷன் கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. "நான் புடிக்க மாட்டேன்!"

அவர் பிடிக்காட்டி ஒடிக்க முடியாது. அக்கா முகம் செத்துப் போச்சு.

ஆம்பளைங்களை விலக்கிக்கிட்டு அத்தை நடுவுல வந்தாங்க!

"நீட்றா கைய! அடிக்க மட்டும் நீளுதா?"

"யம்மா, நீ என் பக்கமா, அவ பக்கமா?"

"அடி வாங்கினவ பக்கம். புட்றா!"

பட்டுன்னு ஒடிஞ்சுது!

அடுத்த தையில எண்ணூர்ல ஒரு நல்ல மனுஷனோட அக்காவுக்குக் கல்யாணம். முதல் பந்தியில உட்கார்ந்தது யாரு? எங்க அத்தைதான்!

மிச்சமிருந்த ஈர்க்கை, பஞ்சாயத்து முடிஞ்ச அன்னிக்கே அத்தை என் வாசலுக்கு மேல சொருகிட்டாங்க.

"இது இன்னாத்துக்கு அத்தே?"

"உன் புருசனும் நான் பெத்தவன்தானே. இருக்கட்டும்!"

அம்மன் புண்ணியம், அதுக்கு வேலையே வரல. ஆனா என் புருஷன் சாகுற வரைக்கும், மேல ஒரு பார்வை பார்க்காம வீட்டுக்குள்ள நுழைஞ்சதில்ல!

இப்ப சொல்லுங்க தம்பி, உங்க வாசலுக்கு மேல என்ன இருக்கு?