நிற்காத துடிப்பு

என் முதல் குழந்தை மூச்சே விடாமல் பிறந்தது. நீலம் பாரித்த முகத்தைத்தான் பார்த்தேன். அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் மறுபடி வயிற்றில் தங்கியபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். "அங்காளம்மா, இதுவாவது பிழைக்கட்டும்" என்று ஓயாமல் புலம்புவேன்.

மாசம் ஏற ஏற ஒரு துடிப்பு வந்தது. உதை இல்லை; உதை எனக்குத் தெரியும். இது ஒரே சீராக, உள்ளே யாரோ தேம்புவது போல. கொஞ்ச நேரம் இருக்கும், நின்றுவிடும். துடித்தாலும் பயம், நின்றாலும் பயம்.

மாமியார் கை வைத்துப் பார்த்து வெளிறிப்போனார். "இன்னாடி இது, புள்ள வயித்துக்குள்ளயே அழுவுது? ஊட்டுக்கு ஆவாதுடி."

செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பொறக்கறதுக்கு முன்னாடியே மூச்சுப் பழகுதுன்னு சில பேர் சொல்றாங்க. ஆடு மாட்டுக்கும் உண்டாம். தண்ணிக்குள்ள ஏது மூச்சுன்னு சில பேர் கேக்கறாங்க. எனக்கே சரியா தெரியலம்மா" என்றார்.

தண்ணீருக்குள் மூச்சா? அப்படியானால் என் பிள்ளை மூழ்குகிறதா? வீட்டுக்கு வந்து எங்கள் சினை ஆட்டின் வயிற்றில் கை வைத்தேன். ஏதோ துடித்தது. ஆட்டின் மூச்சா, குட்டியின் மூச்சா, புரியவில்லை. ஆடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தழையை மென்றது.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்குப் போனோம். அந்த நெரிசலில் நின்று, "தாயே, இந்தத் துடிப்பை நிறுத்திடு, மாவிளக்கு போடறேன்" என்று கதறினேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே மறுபடி துடித்தது. அவளுக்குக் காது கேட்கவில்லையா, என்மேல் கோபமா? மனசுக்குள் அவளோடு சண்டையே போட்டேன்.

மார்கழியில் வலி கண்டது. பிள்ளை தடையில்லாமல் வர, பிரசவ வீட்டில் முடிச்சு, பூட்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாமியார் என் கொண்டையை அவிழ்த்தார், பெட்டிப் பூட்டுகளைத் திறந்தார், பதற்றத்தில் ஆட்டுக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். நான் உள்ளே அலற, வெளியே என் வீட்டுக்காரர் ஆட்டைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடினார்.

பையன் பிறந்தான். அழவில்லை.

மாமியார் ஆட்டுக்குட்டிக்குச் செய்வது போலவே வாயிலிருந்த கோழையை வழித்து, பழந்துணியால் முதுகைத் தேய்த்தார். "அழுவுடா, என் ராசா, அழுவுடா!" நான் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துடித்தது. ஒரே சீராக, தேம்புவது போல. எனக்குப் பழக்கமான துடிப்பு. மாசக் கணக்காக என் வயிற்றுக்குள் இருந்த அதே துடிப்பு! அப்புறம் வீறிட்டான். மாமியாரும் சேர்ந்து அழுதார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நிறுத்தச் சொல்லி வேண்டியது அவன் மூச்சை. நல்லவேளை, அங்காளம்மா கேட்கவில்லை.

காற்றே இல்லாத இடத்தில் எதை இழுத்து எதை விட்டான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாவிளக்கை மட்டும் போட்டுவிட்டேன், அதை நிறுத்தாமல் விட்டதற்காக. இப்போதெல்லாம் இதைச் செய், அதைச் செய் என்று நான் அவளிடம் கேட்பதில்லை. "தாயே, உனக்குத் தெரியும்" என்பதோடு சரி. வேண்டியது நடக்கவில்லையே என்று கலங்கி நிற்கிறவர்களே, நீங்களும் அவளிடமே விட்டுப் பாருங்கள்.