தேங்காய்க் கொட்டகையில் கணக்கு வகுப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கணக்குப் பாடத்தில் இன்னும் சீக்கிரமாக வரும். தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். என் வகுப்பில் ஒரு சிறுமி, கரும்பலகையில் கூட்டல் எழுதியதுமே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பத்து ஆனதும் அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும் அந்த ஒன்று என்னவென்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. நானும் கத்தியிருக்கிறேன், பொய் சொல்வானேன். கத்தக் கத்த, அவள் பள்ளிக்கே வராமல் நிற்கத் தொடங்கினாள். பிள்ளை படிப்பையே விட்டுவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "உங்க வேலையில வர்ற கணக்க வாரத்துல ஒரு நாள் பிள்ளையளுக்குக் காட்டித் தருவியளா?"

அவளுடைய அப்பா தலையைச் சொறிந்தார். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மொத்த வியாபாரக் கொட்டகையில் தேங்காய் எண்ணுபவர். "நான் மூணாங் கிளாசு தாண்டல்ல டீச்சர். தேங்காய் எண்ணத்தான் தெரியும்."

"அதுதான் எனக்கு வேணும்" என்றேன். கொட்டகைக்காரரும் ஒத்துக்கொண்டார், பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பியோடு.

முதல் சனிக்கிழமை பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவளுடைய அப்பா எண்ணத் தொடங்கினார். ஒரு கையில் இரண்டு, மறு கையில் மூன்று, வீச்சுக்கு ஐந்து தேங்காய். இருபது வீச்சில் நூறு. நூறு ஆனதும் அதில் ஒன்றை எடுத்துச் சுவரோரம் தனியாக வைப்பார். ஒவ்வொரு நூற்றுக்கும் அதுதான் அடையாளம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அந்தச் சிறுமி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நீங்க மேல எழுதுத ஒண்ணு, அந்தத் தேங்காய்தானா?"

"அதேதான் மக்கா!" என்று கத்தினேன். இந்தக் கத்தலுக்கு அவள் பயப்படவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் எல்லாரும் பார்க்க வந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவளுடைய அப்பாவுக்கு உற்சாகம். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே எண்ணி முடித்தார். சுவரோரம் பார்த்தார். "முந்நூறு" என்றார்.

"இல்லப்பா, நானூறு" என்றாள் மகள். "ரெண்டாவது நூறுக்கு நீங்க எடுத்து வைக்கல்ல."

கூட்டத்தில் ஓர் ஆள் சிரித்தார். "ஏட்டி, அப்பனுக்கே கணக்கா?" அவள் சொன்னதை மாற்றவில்லை. இது மட்டும் தப்பானால் இந்தப் பிள்ளை இனி வாயே திறக்காது, கடவுளே, என்று வேண்டிக்கொண்டேன்.

"திருப்பி எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். நான்காவது தேங்காயைச் சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கேட்டியளா, இருவது வருசத்துல எனக்க கணக்குல தப்பு பிடிச்ச ஆளு கிடையாது. பிடிச்சது எனக்க மோளு!"

என் மாணவியும்தான் என்று நானும் கூவினேன். அவளோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்த ஆளின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இப்ப நீங்க எண்ணுங்க. நான் பாக்கேன்."