பஸ்ஸில் ஏறிய ஏழு நாற்காலிகள்

இன்று திருவண்ணாமலையில் கடலைக்குச் சாக்கு வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். சாக்குக்கு அலைந்தது தனிக் கதை, அதை விடுங்கள்.

எனக்குப் பின்னால் ஏழு பெண்கள் ஏறினார்கள். ஆளுக்கொரு புது பிளாஸ்டிக் நாற்காலி.

"என்னம்மா, ஊர்ல கல்யாணமா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, நாளைக்கு கிராம சபை," என்றார் முன்னால் நின்ற அக்கா.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "அங்கதான் ஜமுக்காளம் விரிப்பாங்களே, அக்கா?"

"அதாங்க. பெரிய வீட்டுக்காரங்க சேர்ல உக்காந்து பேசிக்கிறாங்க. நாங்க கீழ உக்காந்து கத்துறோம். எங்க தெருவுக்குத் தண்ணி பைப்பு கேட்டு மூணு தபா ஆச்சு, தீர்மானத்துல எழுதவே இல்ல. நாளைக்கு அவங்க வரிசையிலயே போட்டு உக்காரப் போறோம்."

"எழுந்திருன்னு சொன்னா?"

"எங்க காசுல வாங்குன சேரு. யாரு எழுப்புவாங்க?"

பின் சீட்டிலிருந்து ஒருவர், "சேர் போட்டா பைப்பு வந்துடுமா?" என்றார்.

"வருதோ இல்லியோ, கழுத்து வலிக்காம கேக்கலாம் இல்ல!"

பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்களுடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியிடம் இதைச் சொன்னேன். தரையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குந்தான் கழுத்து வலிக்குது," என்றாள்.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எத்தனை நாற்காலி?